வில்லைக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி எதற்கு?



நம் தமிழ்ப்பள்ளிகளில் நிழற்படக் கருவி ஒன்று வாங்கப்படும்போது, விலைச்சீட்டில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் இடம்பெறும். முதலாவது கருவி, இரண்டாவது தோள்பை, மூன்றாவது, வில்லையின் முகப்பில் திருகி மாட்டும் ஒரு வட்டக் கண்ணாடி. கடைக்காரர்கள் அதனை 'யூவி ஃபில்டர்' என்பார்கள். தமிழில் புற ஊதா வடிகட்டி என்றோ, பாதுகாப்பு வடிகட்டி என்றோ சொல்லலாம். அதை மாட்டாமல் கருவியைக் கடையைவிட்டு வெளியே எடுத்துச் செல்வதே பாவம் என்பதுபோல் கடைக்காரர் பேசுவார். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரும், பள்ளிப் பொருள் பத்திரமாக இருக்கட்டுமே என்று தலையசைப்பார். அன்று மாட்டிய அந்தக் கண்ணாடியைப் பிறகு யாரும் கழற்றுவதில்லை.

அதைக் கழற்ற வேண்டும் என்பதே என் கருத்து. முற்றாகத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் மாட்டுவதற்கும், எப்போதும் மாட்டியே வைத்திருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை அறியாததால் நம் பள்ளிகளின் அரிய படங்கள் பல கெட்டுப்போயிருக்கின்றன.

இதென்ன, ஒரு வட்டக் கண்ணாடிக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். நம் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோட்டம்தான் இல்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன. தோட்டத்து மாரியம்மன் கோயில் இடம் மாறியது. அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜித் தானா வட்டாரங்களில் வாழ்ந்த நம் மக்களின் வாழ்க்கைக்கு எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. ஆண்டு விழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் கோயில் திருவிழாவிலும் ஓர் ஆசிரியர் எடுத்த படமே பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று. நாம் காக்க வேண்டியது அந்தப் படத்தை. வில்லை அதற்கு ஒரு கருவி மட்டுமே.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பார்ப்போம். படச்சுருள் காலத்தில் இந்த வடிகட்டிக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. மனிதக் கண்ணுக்குப் புற ஊதாக் கதிர் தெரியாது, படச்சுருளுக்குத் தெரியும். வண்ணப் படச்சுருளில் நீல நிறத்தைப் பதிவுசெய்யும் படலம் புற ஊதாக் கதிரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஆகவே மலையையோ கடலையோ தொலைவிலிருந்து எடுத்தால், கண்ணால் கண்டதைவிடப் படத்தில் நீலம் பூத்து மங்கலாகத் தெரியும். ஜாசினிலிருந்து 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலையைப் படச்சுருளில் எடுத்தவர்கள் இதை அறிவார்கள். அந்த நீலத்தைக் குறைக்கவே புற ஊதா வடிகட்டி பயன்பட்டது. அதன் சிறிய உடன்பிறப்பான 'ஸ்கைலைட்' வடிகட்டி, மெல்லிய இளஞ்சிவப்புச் சாயலோடு வந்தது.

எண்மக் கருவிகள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. இன்றைய கருவிகளில் படத்தை வாங்கும் உணரியின் முன்பே, புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் தகடுகள் உற்பத்தியிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. வில்லையின் கண்ணாடிகளும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. முகப்பில் இன்னொரு வடிகட்டி மாட்டினால், அது தடுப்பதற்கு அங்கே ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. எனினும் பொருள் கடையில் இருக்கிறது, இலாபமும் இருக்கிறது. ஆகையால் 'புற ஊதா' என்ற காரணம் பின்னுக்குப் போய், 'பாதுகாப்பு' என்ற காரணம் முன்னுக்கு வந்துவிட்டது. பல நிறுவனங்கள் இப்போது புற ஊதாப் பேச்சே இல்லாமல், நிறமற்ற கண்ணாடியைப் 'புரொடெக்டர்' என்ற பெயரிலேயே விற்கின்றன. அதுவாவது நேர்மையான பெயர்.

இடையில் ஒரு செய்தி. சில வடிகட்டிகளின் உறையில் 'ஹேஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். சுமத்ராவில் காடு எரிந்து நம் வானம் மூடும்போது நாம் சொல்கிறோமே, அதே 'ஹேஸ்' என்று எண்ணி வாங்கியவர்களை நான் அறிவேன். 2015இல் மலாக்கா உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூட வைத்த அந்தப் புகைமூட்டத்தை எந்த வடிகட்டியாலும் நீக்க முடியாது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள கதிர்களை மிகுதியாகச் சிதறடிப்பதால் தொலைவில் தெரியும் நீல மங்கல் வேறு. புகைத்துகள்கள் எல்லா நிற ஒளியையும் மறைக்கும் சாம்பல் மங்கல் வேறு. உறையில் எழுதியிருப்பது முதல் வகை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். வில்லை கீழே விழுந்தால் வடிகட்டி உடைந்து வில்லை தப்பிக்கும் என்பதுதான் கடைகளில் சொல்லப்படும் வலுவான வாதம். உடைந்த வடிகட்டியைக் காட்டி, "பார்த்தீர்களா, இது இல்லாவிட்டால் வில்லையே போயிருக்கும்" என்பார்கள். இதில் ஒரு தருக்கப் பிழை இருக்கிறது. வடிகட்டி உடைந்தது என்பதால், அது இல்லாதிருந்தால் வில்லை உடைந்திருக்கும் என்று ஆகிவிடாது. வடிகட்டி என்பது ஓரிரு மில்லிமீட்டர் கனமே உள்ள தட்டைக் கண்ணாடி. வில்லையின் முகப்புக் கண்ணாடியோ தடித்து வளைந்தது. வளைவுக்கு உள்ள உறுதி தட்டைக்கு இல்லை என்பது முட்டையைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்த எந்த மாணவனுக்கும் தெரியும். அமெரிக்க வனவிலங்கு நிழற்படக் கலைஞர் ஸ்டீவ் பெர்ரி, எடைகளை மேலிருந்து விழவைத்து வடிகட்டிகளையும் பழைய வில்லைகளையும் சோதித்துக் காணொளியாக வெளியிட்டிருக்கிறார். வடிகட்டிகளை உடைத்த சிறிய அடிகள் வில்லைகளின் முகப்புக் கண்ணாடியை ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்றையும் சேர்த்து எண்ணுங்கள். வடிகட்டி உடைந்தால் அதன் கூரிய சில்லுகள் போய் உராய்வது வில்லையின் முகத்தில்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுதான்.

அடுத்தது, கீறல் பற்றிய அச்சம். முகப்புக் கண்ணாடியில் ஒரு சிறு கீறலோ நான்கைந்து தூசிகளோ இருந்தால் படத்தில் அவை தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. வில்லை குவியும் தொலைவைவிட அவை வெகு அருகில் இருப்பதால், வடிவமின்றிக் கரைந்துவிடுகின்றன. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது புரியும். அதில் ஒட்டிய தூசியைப் பார்த்துக்கொண்டா புத்தகம் வாசிக்கிறோம்? வில்லையின் பின்புறக் கண்ணாடியில் விழும் கீறல்தான் படத்தைக் கெடுக்கும். அங்கே மாட்டுவதற்கு எந்தக் கடையிலும் பாதுகாப்பு வடிகட்டி விற்பதில்லை. பின்மூடியைப் போடாமல் வில்லையை மேசை மீது வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் சாதாரணம். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை.

விலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். நம் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் கருவியோடு சேர்ந்து வரும் 18-55 மில்லிமீட்டர் வில்லைகள். அவற்றைப் பயன்படுத்திய நிலையில் இருநூறு வெள்ளிக்குச் சற்று முன்பின்னாக வாங்கிவிடலாம். நல்ல பூச்சுள்ள வடிகட்டி ஒன்று நூறு வெள்ளியைத் தாண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைப் பார்த்துத்தானோ என்னவோ. நூறு வெள்ளி கொடுக்க மனமில்லாமல் பள்ளிகள் இருபது வெள்ளி வடிகட்டியை வாங்கும்போதுதான் உண்மையான கேடு தொடங்குகிறது.

ஒளி ஒரு கண்ணாடிப் பரப்பில் பட்டால் முழுவதும் ஊடுருவிச் செல்வதில்லை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளி பிரதிபலிக்கிறது. வடிகட்டிக்கு முன்புறம், பின்புறம் என இரண்டு பரப்புகள். ஆக ஏறக்குறைய 8 விழுக்காடு. இந்தப் பிரதிபலிப்பை அடக்கும் பூச்சை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா என்ற இயற்பியலாளர் உருவாக்கினார். இன்று பல அடுக்குப் பூச்சிட்ட நல்ல கண்ணாடியில், ஒரு பரப்பின் பிரதிபலிப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இருபது வெள்ளி வடிகட்டியில் இந்தப் பூச்சு பெயரளவுக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

பகல் வெளிச்சத்தில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது, இந்த 8 விழுக்காட்டை நீங்கள் உணரவே மாட்டீர்கள். படத்தின் சட்டத்துக்குள் ஒரு விளக்கு நுழையட்டும், அப்போது தெரியும். விளக்கின் ஒளி வில்லைக்குள் சென்று, உணரியிலோ உள்கண்ணாடிகளிலோ பட்டு, ஒரு பங்கு முன்னோக்கித் திரும்பி வருகிறது. வடிகட்டி இல்லாவிட்டால் அது வெளியே போய்விடும். வடிகட்டி இருந்தால், தட்டையான அதன் பின்புறப் பரப்பு கண்ணாடிபோல் அதை மீண்டும் உள்ளே அனுப்புகிறது. படத்தில் விளக்கின் போலி உரு ஒன்று தலைகீழாக, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில் விழுகிறது. இடப்புறம் கீழே குத்துவிளக்கு எரிந்தால், வலப்புறம் மேலே பச்சை நிறத்தில் ஐந்து சுடர்கள் தொங்கும்.

இதை ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாநிலத்துத் தோட்டப்பள்ளி ஒன்று பழைய கட்டடத்தைவிட்டு இடம் மாறியது. அதற்கென நடத்திய பிரியாவிடை இரவின் நினைவு மலருக்குப் படங்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. படமெடுத்தவர் அக்கறையோடு எடுத்திருந்தார், ஆளமைப்பில் குறையில்லை. ஆனால் மேடை விளக்கும் குத்துவிளக்கும் இருந்த படங்களிலெல்லாம் பச்சைப் புள்ளிகள். அன்று மேடையேற்றிச் சிறப்பிக்கப்பட்டவர்களில், காலையில் பால்வெட்டிவிட்டு வந்து பின்னேரம் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, நீண்ட காலம் உழைத்த ஒரு பாட்டியும் இருந்தார். அவர் விளக்கேற்றும் படம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பச்சைச் சுடர்கள் அவர் பக்கத்தில் நின்றவர்மீது விழுந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம். அவை பாட்டியின் கன்னத்திலும் நெற்றியிலும் விழுந்திருந்தன. கணினியில் எவ்வளவோ திருத்திப் பார்த்தோம். முகம் முகமாக வரவில்லை. வேறு வழியின்றி, கூட்டத்தில் தூரமாக அமர்ந்திருந்த அவருடைய படம் ஒன்றை வெட்டிப் பெரிதாக்கி மலரில் சேர்த்தோம். மறு ஆண்டு அவர் காலமானார். வீட்டில் மாட்டுவதற்குப் படம் கேட்டு அவருடைய பேரன் வந்தபோது, கொடுக்க எங்களிடம் இருந்தது அந்தப் பெரிதாக்கிய மங்கல் படம்தான். இருபது வெள்ளிக் கண்ணாடி வில்லையைக் காத்தது உண்மை. அந்த வில்லை இன்றும் ஒரு கீறலில்லாமல் இருக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, மேசையின் ஓர் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். சட்டத்தின் மூலையில் சுடர் விழுமாறு வைத்து, வடிகட்டியோடு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று என இரண்டு படங்கள் எடுங்கள். அறிவியல் பாடத்தில் ஒளி நேர்க்கோட்டில் செல்லும், பிரதிபலிக்கும் என்று கற்பிக்கிறோம் அல்லவா? பாடநூலில் உள்ள கண்ணாடிப் படத்தைவிட இது மாணவர்கள் மனத்தில் நன்றாகப் பதியும். அமெரிக்காவில் வில்லைகளை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை நிறுவிய ரோஜர் சிகாலா, 2011இல் வேடிக்கையாக இதன் எல்லையையே பார்த்துவிட்டார். ஒரே வில்லையில் வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி அடுக்கிப் படமெடுத்து வெளியிட்டார். நல்ல கண்ணாடிக்கும் மலிவான கண்ணாடிக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

அப்படியானால் வடிகட்டி தேவைப்படும் இடமே இல்லையா? உண்டு. கிளேபாங் கடற்கரையிலோ பெங்காலான் பாலாக் கடற்கரையிலோ மாணவர் முகாம் நடத்துகிறீர்கள். காற்றில் உப்புநீர்த் துளிகள் வருகின்றன. அங்கே மாட்டுங்கள். உப்பு படிந்த வில்லையைத் துடைக்கத் துடைக்க அதன் பூச்சு தேயும். வடிகட்டியைத் தண்ணீரில் கழுவிவிடலாம். வெயில் காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி போன பின் எழும் புழுதிக்கும் மாட்டலாம். தீமிதித் திருவிழாவில் குழிக்கு அருகே நின்று எடுப்பவருக்குச் சாம்பலும் தணல்பொறியும் வந்து விழும், மஞ்சள்நீர் தெறிக்கும், திருநீறு பறக்கும். அங்கும் தேவைதான். மழை, புழுதி தாங்கும்படி அடைப்பிட்ட வில்லைகள் சில, முகப்பில் ஒரு வடிகட்டி மாட்டினால்தான் அந்த அடைப்பு முழுமையாகும் என்று தயாரிப்பாளரே சொல்லும் வகையைச் சேர்ந்தவை. கேனன் நிறுவனத்தின் 17-40, 16-35 மில்லிமீட்டர் எல் வரிசை வில்லைகள் அத்தகையவை. அவ்வளவு விலையுயர்ந்த வில்லை நம் பள்ளிகளில் இருப்பது அரிது.

இவற்றையெல்லாம்விட, தொடக்கப்பள்ளிக்கே உரிய ஒரு காரணத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அது மாணவரின் விரல். ஓய்வு வேளையில் முறுக்கு தின்ற கையோடு ஓடிவந்து, "டீச்சர், என்னை எடுங்க" என்று வில்லையைத் தொட்டுப் பார்க்காத ஒன்றாம் ஆண்டு மாணவன் உண்டா? எண்ணெய் விரல்தடம் தூசி போன்றதன்று. அது படத்தை மங்கலாக்கும். அத்தகைய இடத்தில் ஒரு வடிகட்டி இருப்பது மனத்துக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கும் மலிவான கண்ணாடியை வாங்காதீர்கள். மாலை நிகழ்ச்சிக்கு முன் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் பகலில் மாட்டியிருந்தாலும், இருட்டிய பின் விளக்கலங்காரத்தோடு வரும் தேரை எடுக்கும்போது அது வில்லையில் இருக்கக் கூடாது. தேரில் எத்தனை விளக்குகள் இருக்கின்றனவோ, அத்தனை போலி விளக்குகள் வானத்தில் தெரியும்.

அடியிலிருந்து வில்லையைக் காக்க வடிகட்டியைவிட நல்ல பொருள் ஒன்று இருக்கிறது. வில்லையின் முகப்பைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூடு. கடையில் 'ஹூட்' என்று கேட்க வேண்டும். அது சுவரிலோ மேசையிலோ இடித்தால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். விரல்கள் எளிதில் உள்ளே வராமல் தடுக்கும். பக்கவாட்டு ஒளியையும் மறைத்துப் படத்தைத் தெளிவாக்கும். அதனால் படத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இவ்வளவு நல்ல பொருளை நம்மவர்கள் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி, பைக்குள் வைக்கும்போது இருந்த நிலையிலேயே வைத்துப் படமெடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். குடையை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் நடப்பது போன்றது அது.

உண்மையில் நம் பள்ளிகளில் வில்லைகளைக் கொல்வது அடியுமில்லை, கீறலுமில்லை. பூஞ்சணம்தான். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியே நீடித்தால், கண்ணாடிக்கு இடையில் பூஞ்சணம் சிலந்திவலைபோல் படரும். விட்டுவிட்டால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? விலையுயர்ந்த பொருள் என்று தோள்பையோடு சேர்த்து, அலுவலகத்து இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுகிறோம். ஆண்டிறுதி விடுமுறை முழுவதும் அது இருட்டிலும் ஈரத்திலும் கிடக்கிறது. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல விடுதி கிடைக்காது. வடிகட்டி இதைத் தடுக்காது; அதற்கும் வில்லைக்கும் இடையில் ஈரம் சிக்கிக்கொண்டால் அங்கேயும் பூஞ்சணம் பூக்கும்.

வடிகட்டிக்குச் செலவிடும் பணத்தில், சமையலறைப் பொருள் விற்கும் கடையில் காற்றுப்புகா மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், சிறிய ஈரமானியும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கலாம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். பொட்டலத்தின் நிறம் மாறியதும் புதியதை வையுங்கள். மாணவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறந்த மருந்து, கருவியை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் கையில் கொடுத்துப் பள்ளி வளாகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்துவிடும் என்ற அச்சத்தில் பூட்டி வைத்த கருவிகள் பூஞ்சணம் பிடித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மாணவர் கையில் கொடுத்ததால் கெட்டுப்போன கருவியை நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இது வில்லையைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. 'புற ஊதா வடிகட்டி', 'பாதுகாப்பு' என்ற சொற்களைக் கேட்டுவிட்டு, அதை மாட்டினால் சூரியனைப் பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கண சூரிய கிரகணத்தன்று மலாக்காவில் பகுதிக் கிரகணமாகத் தெரிந்ததே, அன்று இந்த ஐயத்தை என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முகப்பு வடிகட்டி சூரிய ஒளியைக் குறைப்பதே இல்லை. கருவியின் பார்வைத் துளை வழியாகச் சூரியனைப் பார்த்தால் வில்லை அந்த ஒளியைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பும். விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகும். சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி வேறு. வெறும் கண்ணால் பார்ப்பதற்கும் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். 2031 மே 21ஆம் நாள் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் மலேசியாவையும் கடந்து செல்லவிருக்கிறது. இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் மாணவர்களில் பலர் அன்று கையில் கருவியோடு இருப்பார்கள்.

இப்போது பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படமெடுக்கிறார்கள். அங்கும் இதே கதை நடக்கிறது. இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் கைப்பேசியின் படவில்லைமேல் ஒட்டும் கண்ணாடிகள் விற்கிறார்கள். கைப்பேசிகளின் வில்லைமேல் ஏற்கெனவே ஓர் உறுதியான மூடுகண்ணாடி இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2012இல் வெளிவந்த ஐபோன் 5 முதல் அதற்கு நீலமணிப் படிகத்தையே பயன்படுத்துகிறது. அதன்மேல் பூச்சில்லாத இன்னொரு கண்ணாடியை ஒட்டி, இடையில் கொஞ்சம் காற்றையும் தூசியையும் அடைத்து வைத்தால், பிள்ளையின் பிறந்தநாள் மெழுகுவத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு கீற்று இழுக்கும். கைப்பேசி இரவில் நன்றாக எடுக்கவில்லை என்று குறைப்படும் பெற்றோர்கள் முதலில் அந்த ஒட்டுக்கண்ணாடியைப் பிரித்துவிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு தூய பருத்தித்துணியால் வில்லையைத் துடையுங்கள். பாதிப் பேருக்குப் புதிய கைப்பேசி வாங்கும் செலவு மிச்சமாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பள்ளிக்கு ஒரு வடிகட்டி வாங்கத்தான் வேண்டும் என்றால், வில்லையின் முகப்பிலோ மூடியின் உட்புறத்திலோ குறுக்குக் கோடிட்ட வட்டக் குறிக்கு அருகில் உள்ள எண்ணைப் பாருங்கள். கேனன் 18-55 வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு 58. நிக்கான் 18-55 வில்லைகளில் பழையவற்றுக்கு 52, புதியவற்றுக்கு 55. அந்த அளவில், பல அடுக்குப் பூச்சிட்டது என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் ஒன்றை மட்டும் வாங்குங்கள். கடையிலேயே அதை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சில்லை; மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சிருக்கிறது.

ஏற்கெனவே மாட்டி ஆண்டுக்கணக்காகிவிட்ட வடிகட்டிகள் மரையில் இறுகிக்கொண்டு வர மறுக்கும். விரலால் இரு பக்கமும் பிடித்து அழுத்தித் திருகாதீர்கள். வளையம் நசுங்கி இன்னும் இறுகும். பழைய இரப்பர் சிலிப்பர் ஒன்றின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து மேசையில் கவிழ்த்து வையுங்கள். வில்லையைத் தலைகீழாகப் பிடித்து, வடிகட்டியின் வளையம் முழுவதும் இரப்பரில் சமமாகப் பதியுமாறு மெல்ல அழுத்தி, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வில்லையைத் திருப்புங்கள். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே கழன்றுவிடும்.